கடலைப் பூஞ்சாண நஞ்சு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆடிப்பட்டத்துக் கடலை பறிப்புக்கு வரும் நேரம். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் 'அஃப்ளா' என்று மண்டிகளில் சொல்லப்படும் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சாண நஞ்சைப் பற்றியவை. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கிப் பதில் தருகிறோம்.

ஏலத்துக்குக் கொண்டுபோன பருப்பை 'அஃப்ளா கூடுதல்' என்று ஏற்றுமதிக்காரர் தள்ளிவிட்டார். ஒரு பருப்பில்கூடப் பூசணம் இல்லை. இது எங்கிருந்து வந்தது?
– விவசாயி, சேத்துப்பட்டு

மண்ணிலிருந்து. ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ், ஆஸ்பெர்ஜில்லஸ் பாராசிட்டிகஸ் என்ற இரண்டு பூஞ்சாணங்களும் கடலை விளையும் மண்ணில் எப்போதும் இருப்பவை. கடலை மண்ணுக்குள் காய்ப்பதால் மற்ற பயிர்களைவிட இவற்றுக்கு நெருக்கம் அதிகம். பூஞ்சாணம் பருப்புக்குள் புகுந்து, வளர்ந்து, நஞ்சைச் சுரந்துவிட்டுச் செத்தும் போகலாம். பூஞ்சாணம் செத்தாலும் நஞ்சு போகாது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆகவே பார்வைக்கு நல்ல பருப்பு என்பது எதற்கும் சான்றாகாது.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். நஞ்சு எல்லாப் பருப்பிலும் சமமாகப் பரவியிருப்பதில்லை, ஆயிரக்கணக்கில் ஒன்றிரண்டில் குவிந்திருக்கும். பி.பி.பி. என்பது ஒரு கிலோவுக்கு ஒரு மைக்ரோகிராம். கெட்டுப்போன ஒரே பருப்பில் லட்சம் பி.பி.பி.க்கு மேலும் அளந்திருக்கிறார்கள். அந்தப் பருப்பின் எடை 0.4 கிராம் என்று வையுங்கள். அதற்குள் 40 மைக்ரோகிராம் நஞ்சு. அதை ஏறத்தாழ 2.7 கிலோ சுத்தமான பருப்பில் கலந்தால் மொத்தமும் 15 பி.பி.பி.யைத் தொட்டுவிடும். நம் நாட்டில் பதப்படுத்தப் போகும் கடலைக்கு உச்ச வரம்பே அதுதான். அப்படியே தின்னத் தருவதற்கு 10. ஐரோப்பிய ஒன்றியத்தில் நேரடியாக உண்ணும் கடலைக்கு மொத்தம் 4, அதிலும் இந்த நஞ்சின் பி1 என்ற வகை 2 மட்டுமே. ஏறத்தாழ ஏழாயிரம் பருப்புக்கு ஒன்று கெட்டிருந்தால் உள்ளூர் வரம்பைத் தொடுகிறோம் என்றால், ஐரோப்பாவுக்குப் போகும் சரக்கு ஏன் அடிக்கடி திரும்புகிறது என்பது புரியும்.

உங்கள் சரக்கைத் தள்ளிய வியாபாரி எத்தனை கிலோ மாதிரி எடுத்தார் என்று கேட்டீர்களா? ஒரு மூட்டையில் குத்தூசி விட்டுக் கைப்பிடி பருப்பை எடுத்துச் சோதித்தால், அந்த முடிவு நல்லதாக வந்தாலும் கெட்டதாக வந்தாலும் நம்புவதற்கில்லை. ஐரோப்பிய விதிப்படி பெரிய சரக்கில் 100 இடங்களில் 200 கிராம் வீதம் எடுத்து 20 கிலோ சேர்க்கிறார்கள்.

மானாவாரிக் கடலை. 75ஆம் நாளுக்குப் பிறகு மழையே இல்லை. காய் நன்றாகப் பிடித்திருக்கிறது, தண்ணீருக்குப் போர்வெல் ஒன்று உண்டு, ஆனால் ஒரு முறைதான் பாய்ச்ச முடியும். எப்போது பாய்ச்சுவது?
– செஞ்சி வட்டாரம்

இப்போதே. 75க்கும் 95க்கும் நடுவில் உள்ள நாட்கள்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன.

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலம் டாசனில் உள்ள தேசிய நிலக்கடலை ஆய்வகத்தில், பாத்திகளுக்கு மேல் மழை படாமல் கூரை போட்டு, மண்ணுக்குள் சூடேற்றும் கம்பி பதித்துப் பல ஆண்டு பார்த்தார்கள். கடைசி 4 முதல் 6 வாரம் வறட்சியும், காய் இருக்கும் ஆழத்தில் மண் சூடு 28 முதல் 31 டிகிரியும் சேர்ந்தபோது, ஓட்டில் ஒரு கீறல்கூட இல்லாத முற்றிய காயிலும் நஞ்சு ஏறியது. தண்ணீர் இருந்த பாத்தியில் அப்படி ஏறவில்லை. காரணம் இதுதான்: பச்சைப் பருப்புக்குப் பூஞ்சாணத்தைத் தடுக்கும் சுரப்பு ஒன்று உண்டு. பருப்பில் நீர் குறையக் குறைய அந்தச் சுரப்பு நின்றுவிடும். அந்த அளவு நீரிலும் பூஞ்சாணம் மட்டும் தாராளமாக வளரும். செடி தன்னைக் காத்துக்கொள்ள முடியாத, பூஞ்சாணம் மட்டும் செழிக்கிற அந்த இடைவெளியில் பயிர் நின்றால் நமக்குச் சேதம்.

ஆகவே இருக்கும் ஒரு தண்ணீரைத் தெளிப்பு நீராகக் கொடுங்கள். காய் மட்டம், அதாவது மேல் 5 செ.மீ. மண், நனைந்து குளிர வேண்டும், அது போதும். ஆழப் பாய்ச்சத் தண்ணீர் இல்லையே என்று விட்டுவிட வேண்டாம். பகலில் செடி வாடி, மாலையில் நிமிராமல் போகிறது என்றால் ஏற்கெனவே தாமதம்.

தண்ணீரே கிடைக்காத கொல்லையில் முற்றும் வரை காத்திருப்பது பல நேரம் தவறு. காய்களில் முக்கால் பங்குக்கு ஓட்டின் உள்பக்கம் கறுத்துவிட்டதா என்று நாலைந்து இடத்தில் செடி பிடுங்கி உடைத்துப் பாருங்கள். கறுத்துவிட்டால் பிடுங்கிவிடுங்கள். ஒரு வாரம் முன்னே பிடுங்கினால் எடையில் கொஞ்சம் இழப்பீர்கள். ஒரு வாரம் பின்னே பிடுங்கினால் நஞ்சும் ஏறும், தரை இறுகிக் காய் மண்ணிலேயே தங்கும், திடீர் மழை வந்தால் கொத்து ரகம் முளைத்தும் போகும்.

வறட்சியில் தனியாக வாடிப்போன திட்டுகளை முதலில் பிடுங்கித் தனியாக வையுங்கள். கரையான் அரித்த காய், காதுப்பூச்சி துளைத்த காய், கழுத்தழுகல் நோயில் செத்த செடியின் காய் எல்லாம் அந்தக் குவியலுக்கே. பறிப்பு முடிந்த பிறகு கொல்லையைக் கொத்திப் பொறுக்கும் காயும் அப்படித்தான். பொறுக்கிய காயைக் கொண்டுவந்து நல்ல மூட்டையில் கொட்டுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. முழுச் சரக்கையும் கெடுக்க அந்த ஒரு படி போதும்.

ஜிப்சம், டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சாணம், இரண்டும் இதற்கு உதவுமா?
– நாமக்கல் மாவட்ட வாசகி

உதவும், ஆனால் மாயம் எதிர்பார்க்க வேண்டாம். ஜிப்சம் ஏக்கருக்கு 160 கிலோ, விதைத்த 40 முதல் 45 நாளுக்குள், இரண்டாம் களையோடு செடி அடியில் இட்டு மண் அணையுங்கள். சுண்ணாம்புச் சத்தைக் காய் தன் ஓட்டின் வழியாகவே மண்ணிலிருந்து உறிஞ்சுகிறது. அது போதாமல் போனால் ஓடு மெலிந்து பொக்கு (பருப்பில்லாத காய்) விழும், மெலிந்த ஓட்டில் பூஞ்சாணம் எளிதாக இறங்கும். 45 நாளுக்குப் பிறகு கொத்து கொண்டு செடியடியில் கை வைக்காதீர்கள். விழுது (மண்ணில் இறங்கிக் காயாகும் காம்பு) அறுவது ஒரு நட்டம், காயில் படும் கீறல் இன்னொரு நட்டம்.

டிரைக்கோடெர்மா விரிடி விதைக்குக் கிலோவுக்கு 4 கிராம். மண்ணுக்கு ஏக்கருக்கு ஒரு கிலோவை 20 கிலோ மக்கிய எருவில் கலந்து ஈரத்தில் தூவ வேண்டும். காய்ந்த மண்ணில் தூவினால் காசு வீண். ரசாயனப் பூஞ்சாணக்கொல்லி கலந்த விதையில் அதே நாளில் இதையும் கலந்தாலும் வீண்தான். ஏக்கருக்கு 5 டன் தொழு எரு போடுகிற நிலத்தில் ஈரம் நாள்பட நிற்கும், நஞ்சைக் குறைப்பதில் எருவின் பங்கை நிறையப் பேர் குறைத்து எடைபோடுகிறார்கள்.

பறிப்புக்கு ஆள் கிடைக்கவில்லை. பிடுங்கிய செடியை வரப்போரம் போராக அடுக்கி நாலு நாள் வைத்திருந்தோம், நடுவில் மழை. இப்போது காய் களத்தில். எப்படி உலர்த்தினால் தேறும்?
– திருவண்ணாமலை, போளூர் பக்கம்

போரின் நடுவில் கை விட்டுப் பார்த்தீர்களா? சூடாக இருந்திருக்கும். அப்போதே பூஞ்சாணம் வேலையைத் தொடங்கிவிட்டது. போரின் நடுவிலும் அடியிலும் இருந்த காயைத் தனியாகப் பிரியுங்கள். இனி செய்ய வேண்டியது இது.

பிடுங்கும்போது பருப்பில் ஈரம் 35 முதல் 50 சதவீதம். பாதுகாப்பான அளவு காய்க்கு 8 சதவீதம், உரித்த பருப்புக்கு 7. நடுவில் உள்ள 25 முதல் 12 சதவீதம் வரையிலான கட்டத்தில்தான் பூஞ்சாணம் வேகமாகச் சுரக்கும். அந்தக் கட்டத்தை மூன்று நான்கு நாளில் தாண்டிவிட வேண்டும். 100 கிலோ ஈரக்காய் (45 சதவீத ஈரம்) 8 சதவீதத்துக்கு வரும்போது 60 கிலோ எடையாகும். இந்த ஒரு எண்ணை நினைவில் வைத்தால் ஈரமானி தேவையில்லை. களத்தில் கொட்டும்போதே வலைப் பையில் 5 கிலோ ஈரக்காயை எடை போட்டுக் கட்டி, மற்ற காயோடு சேர்த்தே காயப் போடுங்கள். 3 கிலோவுக்கு வந்த நாள் மூட்டை கட்டும் நாள். நாலு நாள் போரில் கிடந்த உங்கள் காய் களத்துக்கு வரும்போதே கொஞ்சம் உலர்ந்திருக்கும் என்பதால் இந்த முறை இந்தக் கணக்கு சரிவராது, ஈரமானியால் பாருங்கள்.

மழை இல்லாத நாளில் பிடுங்கிய செடியைக் காய் மேலே தெரியும்படி தலைகீழாகக் கவிழ்த்து வரிசையாக இரண்டு மூன்று நாள் விடலாம். காய் மண்ணில் படாது, காற்றும் ஓடும். காய் கீழே மண்ணில் படும்படி போட்டால் ஒரு பக்கம் காயும், மறுபக்கம் ஊறும். மழை மேகம் இருந்தால் வயலில் விடவே கூடாது.

களத்தில் இரண்டு மூன்று அங்குல உயரத்துக்கு மேல் பரப்பாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பல்லிக்கட்டை போட்டுத் திருப்புங்கள். மண் தரையில் நேரடியாகக் கொட்டினால் தரை ஈரம் ஏறும். சிமெண்ட் களம் இல்லையென்றால் தார்ப்பாய் விரிப்பு வேண்டும். பொழுது சாய்ந்ததும் குவித்து மூடுகிறோம் அல்லவா, அங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள். சூடான காயை உடனே தார்ப்பாயால் இறுக மூடினால் உள்ளே வேர்த்துக் காலையில் மேல்காய் நனைந்திருக்கும். ஒரு மணி நேரம் ஆறவிட்டு மூடுங்கள், பனி விலகியதும் அவிழ்த்துவிடுங்கள்.

பாதி காய்ந்த காய் மறுபடி நனைவது, மெதுவாகக் காய்வதைவிடக் கெட்டது. ஐப்பசியில் வானம் மூட்டமாகவே இருந்தால் மூங்கில் தட்டியோ வலையோ கட்டிய மேடையில், இடுப்பு உயரத்தில், கூரையின் கீழ் பரப்பி ஒரு பெரிய காற்றாடியை ஓடவிடுங்கள். சூடான காற்று அடிப்பவர்கள் காற்றின் வெப்பம் 35 டிகிரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கூடினால் தோல் வழன்று வரும், பருப்பு இரண்டாகப் பிளக்கும், விதைக்கு வைப்பது முளைக்காது.

காய்ந்ததா என்று பார்க்க, காயைக் காதருகே குலுக்கினால் கலகலக்க வேண்டும். பருப்பைப் பல்லால் கடித்தால் நசுங்காமல் நறுக்கென்று உடைய வேண்டும். இதெல்லாம் 10 சதவீதத்திலும் ஓரளவு நடக்கும் என்பதால் இதை மட்டும் நம்பி மூட்டை கட்டாதீர்கள்.

ஒரு நியாயமான ஆதங்கத்தையும் சொல்ல வேண்டும். 12 சதவீத ஈரத்தில் விற்றால் எடை கூடுதல், நன்றாகக் காய வைத்து விற்றால் எடை குறைவு. விலை இரண்டுக்கும் ஒன்றே என்றால் விவசாயி ஏன் காய வைக்கப் போகிறார்? ஏலத்தில் ஈரமானியை வைத்து விலையில் வித்தியாசம் காட்டும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தைத் தேடிப் போவதுதான் இப்போதைக்கு வழி.

எங்கள் ஊர் உடைப்பு மில்லில் முதல் நாள் இரவே காய் மீது தண்ணீர் தெளித்துக் குவித்து வைக்கிறார்கள். பருப்பு உடையாது என்கிறார்கள். சரியா?
– திண்டிவனம்

உடைசல் குறையும் என்பது உண்மை. அதைத் தவிர எல்லாமே தவறு. பட்டபாடு பட்டு 8 சதவீதத்துக்குக் கொண்டுவந்த காயை ஒரே இரவில் நனைத்து, குவித்து, சாக்கால் மூடி, பூஞ்சாணத்துக்கு வேண்டிய ஈரத்தையும் சூட்டையும் சேர்த்துக் கொடுக்கிறோம். உடைத்த பருப்பு அதே ஈரத்தோடு 80 கிலோ மூட்டையாகிக் கிடங்குக்குப் போகிறது. மலாவி போன்ற ஆப்பிரிக்க நாடுகளில் கையால் உரிக்க எளிது என்று காயை நனைக்கும் இதே பழக்கம் பெரிய தலைவலியாக இருக்கிறது. வயலில் வருவதைத் தடுப்பது வானத்தைப் பொறுத்தது. இதைத் தடுப்பது நம் கையில் இருக்கிறது, அதனால்தான் இந்தப் பழக்கம் எங்களுக்கு மிகவும் எரிச்சல் தருகிறது.

உடைசலுக்கு உண்மையான மருந்து எந்திரத்தில்தான் இருக்கிறது. காயை முதலில் சல்லடையில் பெரிது, சிறிது என்று பிரித்து, அந்தந்த அளவுக்கேற்ற சல்லடைத் தட்டை மாட்ட வேண்டும். பிறகு அடிக்கும் கட்டைக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்து, சுழற்சி வேகத்தைக் குறைக்க வேண்டும். ஒரே தட்டில் எல்லாக் காயையும் போட்டு ஓட்டுவதால்தான் பெரிய காயின் பருப்பு உடைகிறது, சின்னக் காய் உடையாமல் வெளியே வருகிறது. விதைக்கு என்றால் கையால் உரிப்பதே மேல்.

மில்காரர் ஒப்பவே இல்லையென்றால், தெளித்த உடனே உடைக்கச் சொல்லுங்கள், இரவு வைக்க விடாதீர்கள். உடைத்த பருப்பை அன்றைக்கே வெயிலில் பரப்பி 7 சதவீதத்துக்கு இறக்கிய பிறகு மூட்டை கட்டுங்கள். முடிந்தால் விற்கும் வரை காயாகவே வைத்திருங்கள். ஓட்டோடு இருக்கும் கடலைக்கு அந்த ஓடே கவசம்.

காயாக வைக்கும் மூட்டையைத் தரையில் போடாமல் கட்டைச் சட்டத்தின் மேல், சுவரிலிருந்து இரண்டடி தள்ளி அடுக்குங்கள், பத்து மூட்டைக்கு மேல் உயரம் வேண்டாம். காய் வண்டு துளைக்கிறதா என்று மாதம் ஒரு முறை பாருங்கள். வண்டு வந்தால் அதன் மூச்சிலேயே ஈரம் கூடும். காற்றுப் புகாத மூன்றடுக்குப் பைகள் வண்டைச் சாகடிக்கும். ஆனால் சரியாகக் காயாத கடலையை அதில் அடைத்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் முழுப் பையும் கெடும்.

பூஞ்சாணம் தாங்கும் ரகம் எது?
– விருத்தாசலம்

முழுமையாகத் தாங்கும் ரகம் எதுவும் இல்லை. குஜராத்தின் ஜே-11 ரகத்தைப் பலரும் சொல்வார்கள். அதன் பலம் தோலில் இருக்கிறது: தோல் சேதமில்லாமல் இருக்கும்வரை சேமிப்பில் பூஞ்சாணம் படர்வது குறைவு. கீறல் விழுந்தால் அந்தப் பலமும் போயிற்று. உங்கள் பட்டத்தில் மழை நிற்கும் தேதிக்கு முன்பே முற்றிவிடும் குறுகிய வயது ரகத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் இப்போதைக்கு நல்ல தற்காப்பு.

இணையத்தில் புற ஊதா டார்ச் விற்கிறார்கள். அடித்தால் நஞ்சுள்ள கடலை ஒளிருமாமே?
– ஈரோடு

ஆய்வகத்தில் நஞ்சைப் பிரித்தெடுத்த பிறகு 365 நானோமீட்டர் ஒளியில் பி வகை நீலமாகவும் (ப்ளூ) ஜி வகை பச்சையாகவும் (கிரீன்) ஒளிரும், பெயரே அப்படித்தான் வந்தது. முழுப் பருப்பின் மேல் டார்ச் அடிப்பது வேறு கதை. மக்காச்சோளத்தில் தெரியும் மஞ்சள் கலந்த பச்சை ஒளிகூட நஞ்சின் ஒளி அல்ல, பூஞ்சாணம் சுரக்கும் கோஜிக் அமிலத்தின் விளைவு. கடலையில் அதுவும் நம்பும்படி இல்லை, தோலும் தூசியும் தாமாகவே ஒளிரும். வாங்காதீர்கள்.

கடலை மிட்டாய் செய்கிறோம். மாதம் சில டன் பருப்பு வாங்குகிறோம். பெரிய எந்திரம் வாங்க வசதியில்லை. எந்த இடத்தில் காசு செலவழித்தால் பலன்?
– கோவில்பட்டி

2020இல் புவிசார் குறியீடு பெற்ற ஊரின் சரக்கு, இந்தக் கவனம் வேண்டியதே.

முதல் செலவு, வாங்கும் இடத்தில் ஈரமானி. 7 சதவீதத்துக்கு மேல் இருந்தால் விலை குறைவு என்று கொள்முதல் ரசீதிலேயே எழுதுங்கள். இரண்டாவது, சல்லடை: சிறுத்து, சுருங்கி, எடையற்ற பருப்பில்தான் நஞ்சு அதிகம் குவியும். அந்தச் சிறிய பருப்பைப் பிரித்தாலே கணிசமாகக் குறைந்துவிடும், அதை 'தூள் சரக்கு' என்று மலிவு மிட்டாய்க்குத் தள்ளிவிடாதீர்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். வறுத்து, தோல் நீக்கிய பிறகு ஒரு முறை பொறுக்குங்கள். தோலோடு பார்த்தால் தெரியாதது அப்போது தெரியும். தோல் விடாமல் ஒட்டிக்கொண்ட பருப்பு, மற்றவை பொன்னிறமாக இருக்கையில் கரும்பழுப்பாகப் போன பருப்பு, பிளந்தால் உள்ளே மஞ்சள் அல்லது சாம்பல் புள்ளி உள்ள பருப்பு, இவை மூன்றும் கழிவு. வெள்ளை மேசை, மேலே நல்ல வெளிச்சம், ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை ஆள் மாற்றம். கண் சோர்ந்தால் பொறுக்குவதில் பயனில்லை. கலர் சார்ட்டர் (நிறம் பார்த்துப் பருப்பைப் பிரிக்கும் எந்திரம்) உள்ள ஆலையில் கூலிக்குக் கொடுத்து வாங்குவதும் நடக்கிறது, ஆனால் தோல் நீக்கிய பிறகு ஓட்டினால்தான் முழுப் பலன்.

பரிசோதனைக்கு: ஒவ்வொரு சரக்கிலும் குறைந்தது 5 கிலோ, பல மூட்டைகளிலிருந்து, மேல், நடு, அடி என எடுத்து, முழுவதையும் அரைத்துக் கலக்கிய பிறகே சோதனை மாதிரி எடுக்க வேண்டும். 50 கிராம் பருப்பை மட்டும் மிக்ஸியில் அடித்துச் சோதிப்பது அந்த 50 கிராமைப் பற்றி மட்டுமே சொல்லும். விரைவுப் பட்டைச் சோதனை சரக்கை வாங்கலாமா என்று முடிவெடுக்கப் போதும். தகராறு வந்தால் எச்.பி.எல்.சி. என்ற ஆய்வகக் கருவிச் சோதனையின் அறிக்கைதான் நிற்கும்.

வறுத்தால், வேக வைத்தால் நஞ்சு போய்விடாதா? கசப்புக் கடலை ஒன்று வாயில் போய்விட்டது, ஆபத்தா?
– மதுரை, இல்லத்தரசி

நஞ்சு சிதைய 240 டிகிரியை ஒட்டிய வெப்பமாவது வேண்டும். நம் மணல் வறுவலில் ஒரு பகுதி குறையும், முழுவதும் போகாது. கொதிக்கும் தண்ணீரில் அதைவிடக் குறைவு. பச்சைக் காயை வேக வைக்கும்போது மிதப்பதை எடுத்துப் போடுங்கள், கெட்டதில் பெரும்பங்கு எடையற்று மிதக்கும். சாக்கில் இரவு முழுக்கக் கிடந்து சூடேறிய பச்சைக் காயை வாங்காதீர்கள். வெந்ததை அடுத்த நாளுக்கு வைக்காதீர்கள்.

ஒரு கசப்புக் கடலையால் ஒன்றும் ஆகாது. துப்பிவிட்டு வாய் கொப்பளியுங்கள். கசப்பு பெரும்பாலும் எண்ணெய் சிக்குப் பிடித்ததால் வருவது, ஆனால் சிக்குப் பிடித்ததும் பூஞ்சாணம் பிடித்ததும் பெரும்பாலும் ஒரே பருப்பாக இருக்கும். கவலை நாள்பட்ட கணக்கில்தான். அஃப்ளாடாக்சின் கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணம் என்று ஐயமின்றி வகைப்படுத்தப்பட்டது. கல்லீரல் அழற்சி பி (ஹெபடைடிஸ் பி) கிருமி உள்ளவருக்கு அதே அளவு நஞ்சின் வீரியம் ஏறத்தாழ 30 மடங்கு. குழந்தைக்கு அந்தக் கிருமிக்கான தடுப்பூசி போட்டாகிவிட்டதா என்று பாருங்கள். ஒரேயடியாக அதிகம் உடலில் சேர்ந்தால் உயிரே போகும்: 1974இல் ராஜஸ்தான், குஜராத் பழங்குடிக் கிராமங்களில் பூஞ்சாண மக்காச்சோளம் தின்று நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள்.

செக்கு எண்ணெயில் இது இருக்குமா?
– காங்கேயம்

இந்த நஞ்சு எண்ணெயில் அதிகம் கரையாது, பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கிவிடும். எண்ணெய்க்கு வருவது பெரும்பாலும் மிதக்கும் துகளோடுதான். எனவே ஆட்டிய எண்ணெயைக் கலங்கலாகப் பயன்படுத்தாமல் நாலைந்து நாள் தெளியவிட்டு, அடிக் கசடை ஒதுக்கி, அடர்ந்த பருத்தித் துணியில் வடிகட்டுங்கள். ரீஃபைண்ட் ஆலைகளில் காரமும் வெளுப்பு மண்ணும் சேர்த்துச் சுத்திகரிப்பதில் நஞ்சு போய்விடுகிறது; செக்கில் அந்த வசதி இல்லை. அதனால் செக்குக்குக் கொடுக்கும் பருப்பு நீங்கள் தின்னும் பருப்பைவிடச் சுத்தமாக இருக்க வேண்டும். நடப்பில் இது தலைகீழ். பொறுக்கிக் கழித்ததைத்தான் ஆட்டக் கொடுக்கிறோம்.

கறவை மாட்டுக்குத் தினம் இரண்டு கிலோ கடலைப் புண்ணாக்கு வைக்கிறேன். பாலில் வந்துவிடும் என்கிறார்களே?
– கிருஷ்ணகிரி

வரும். மாட்டின் ஈரல் பி1ஐ எம்1 என்ற வடிவத்துக்கு மாற்றிப் பாலில் விடும். தின்றதில் ஒன்றிரண்டு சதவீதம், அதிகம் கறக்கும் மாட்டில் ஆறு சதவீதம் வரை. புண்ணாக்கில் 200 பி.பி.பி. இருந்தால் இரண்டு கிலோவில் 400 மைக்ரோகிராம். இரண்டு சதவீதம் என்றால் பாலில் 8. மாடு பத்து லிட்டர் கறந்தால் லிட்டருக்கு 0.8. நம் வரம்பு 0.5, ஐரோப்பாவில் 0.05. காய்ச்சினாலும் இது போகாது. பால் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் பன்னீரில் செறிவு கூடும், நெய்க்குப் போவது மிகக் குறைவு.

மனம் தளர வேண்டாம், கெட்ட புண்ணாக்கை நிறுத்தினால் மூன்று நான்கு நாளில் பால் தெளிந்துவிடும். மாட்டுத் தீவனத்தில் பி1 20 பி.பி.பி.க்குள் இருக்க வேண்டும். ஆலையில் பரிசோதனைச் சான்று கேளுங்கள். புண்ணாக்கை இரண்டு கிலோவிலிருந்து அரைக் கிலோவுக்குக் குறைத்து, மிச்சப் புரதத்துக்கு எள், தேங்காய்ப் புண்ணாக்கு, துவரைப் பொட்டு என்று பிரித்துக் கொடுங்கள். ஒரே பொருளில் நஞ்சு இருந்தாலும் அளவு சிறுக்கும். ராத்திரி முழுக்க ஊற வைத்துப் புளித்த புண்ணாக்குத் தண்ணீர் வேண்டாம், வைக்கும் முன் ஒரு மணி நேரம் போதும், மிச்சத்தைக் கொட்டித் தொட்டியைக் கழுவுங்கள். தீவனத்தில் அரை முதல் ஒரு சதவீதம் பெண்டோனைட் வகைக் களிமண் சேர்த்தால் ஒரு பகுதி குடலிலேயே கட்டப்பட்டு வெளியேறும், கால்நடை மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

ஆடு மாடுகளைவிடக் கோழி, அதைவிட வாத்துக் குஞ்சு மிக எளிதில் சாகும். 1960இல் இங்கிலாந்தில் லட்சத்துக்கு மேல் வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தபோது, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கைத் தோண்டியதில்தான் இந்த நஞ்சே கண்டுபிடிக்கப்பட்டது.

நஞ்சு சுரக்காத பூஞ்சாணத்தை வயலில் விட்டு, சுரப்பதை விரட்டலாம் என்று படித்தேன். இங்கே கிடைக்குமா?
– கோவை, வேளாண் மாணவர்

நல்ல வழிதான். அமெரிக்காவில் அஃப்ளா-கார்ட், ஆப்பிரிக்காவில் அஃப்ளாசேஃப் என்ற பெயர்களில் இருக்கிறது. அந்தந்த நாட்டு மண்ணிலேயே பிரித்தெடுத்த, நஞ்சு சுரக்க இயலாத பூஞ்சாணத்தைத் தானியத்தில் பூசி வயலில் தூவுவார்கள். அஃப்ளாசேஃப் அளவு ஏக்கருக்கு 4 கிலோ. மண் ஈரமாக இருந்தால்தான் பிடிக்கும். வேற்று நாட்டுச் சரக்கைக் கொண்டுவந்து இங்கே தூவுவது கூடாது. யாராவது இந்தப் பெயரில் விற்றால் மத்தியப் பூச்சிக்கொல்லி வாரியப் பதிவு எண்ணைக் கேளுங்கள், இல்லையென்றால் வாங்காதீர்கள்.

பொறுக்கிக் கழித்த கடலையை என்ன செய்வது? கோழிக்குப் போடலாமா?
– அறந்தாங்கி

கூடாது, காரணம் மேலே இருக்கிறது. மாட்டுக்கும் வேண்டாம், செக்குக்கும் வேண்டாம். கடலைக் கொல்லைக்குப் போகும் எருக்குழியில் போட்டால் பூஞ்சாண வித்து அடுத்த பட்டத்துக்குக் காத்திருக்கும். அடுப்புக்கு எரிப்பது சுலபம். இல்லாவிட்டால் வீட்டுத் தண்ணீருக்குத் தள்ளி மூன்றடி ஆழத்தில் புதையுங்கள். கழிவைப் புடைக்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள், தூசியிலும் நஞ்சு உண்டு. முறம், சாக்கு, சல்லடை எல்லாவற்றையும் கழுவி வெயிலில் காய வைத்த பிறகே நல்ல சரக்குக்கு எடுங்கள்.